ஆயிரம் பேரில் எட்டா, நூற்றாறா?

(கடந்த ஜனவரியில் நம் குடியிருப்போர் நலச் சங்கம் அமிர்திக்கு ஏற்பாடு செய்திருந்த ஒருநாள் சுற்றுலாவில், மதிய உணவுக்குப் பின் ‘பி’ பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம் இது. அவர் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். வர இயலாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால், அவருடைய அனுமதியுடன் வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு)



சாம்பார் சாதமும் தயிர் சாதமும் சாப்பிட்டுவிட்டு மர நிழலில் உட்கார்ந்திருப்பவர்களிடம் நோயைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் அநியாயம்தான். செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். இருபது ஆகலாம். தூக்கம் வருபவர்கள் தாராளமாகத் தூங்குங்கள், நான் குறை நினைக்க மாட்டேன். பிள்ளைகள் மான் பார்க்கப் போயிருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

காலையில் நம் பஸ் கணியம்பாடியைக் கடந்து வந்தது, கவனித்தீர்களா? வயதானவர்களுக்கு வரும் மறதி நோயைப் பற்றி ஆராயும் மருத்துவர்களில் பலருக்கு, எந்த நாட்டில் இருந்தாலும், கணியம்பாடி தெரிந்த பெயர். பக்கத்தில் இருக்கும் நமக்குத்தான் அது தெரியாது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

10/66 என்ற பெயரில் ஓர் ஆராய்ச்சிக் குழு இருக்கிறது. பெயரே ஒரு கணக்கு. உலகில் டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் இருந்தார்கள். ஆனால் மக்களிடையே போய் எடுத்த ஆராய்ச்சிகளில் 10 சதவீதம்கூட அந்த நாடுகளில் நடக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க 1998-ல் தொடங்கிய குழு அது. இந்தியாவில் அவர்கள் தேர்ந்தெடுத்த இடங்கள் இரண்டு. நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர். வேலூரில் கணியம்பாடி ஒன்றியம். அங்கே சி.எம்.சி. பல வருடங்களாக ஊர் ஊராகச் சுகாதாரப் பணி செய்து, பிறப்பு இறப்பு வரை பதிவு வைத்திருக்கிறது. சி.எம்.சி.யின் மனநலத் துறைப் பேராசிரியர் கே.எஸ். ஜேக்கப்பும் அவருடன் பணியாற்றியவர்களும் 65 வயது கடந்த 1000 பேரைப் பரிசோதித்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள்.

அந்த முடிவுதான் விசேஷம். 1000 பேரில் எத்தனை பேருக்கு டிமென்ஷியா என்ற கேள்விக்கு ஒரு பதில் வரவில்லை. பரிசோதனை முறையில் பல பகுதிகள் இருந்தன. ஒரு பகுதியை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தால் 63 சதவீதம். அதாவது 630 பேர். மிகக் கண்டிப்பான அளவுகோலை வைத்தால் 0.8 சதவீதம். அதாவது வெறும் 8 பேர். எல்லாப் பகுதிகளையும் சேர்த்து, படிப்பறிவையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோது 10.6 சதவீதம். 106 பேர். அதே 1000 பேர்தான். கேட்ட விதம் மாற, எண் மாறிப்போனது.

630 ஏன் வந்தது என்பது புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஞாபகத்தைச் சோதிக்கும் பழைய முறைகள் பள்ளிக்கூடம் போனவர்களை மனதில் வைத்துச் செய்தவை. இன்று என்ன தேதி, ஒரு வாக்கியம் எழுது, இந்தப் படத்தைப் பார்த்து வரை என்று கேட்பார்கள். பென்சிலே பிடிக்காத ஒரு பாட்டியிடம் இதைக் கேட்டால் நன்றாக இருப்பவரும் தோற்பார். அமாவாசை என்றைக்கு, எந்தக் கொல்லையில் என்ன பயிர் என்று கேட்டால் நம்மைத் தோற்கடிப்பார். அதனால்தான் 10/66 குழு ஒரே சோதனையை நம்பவில்லை. பத்துச் சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்டார்கள். கூடவே வீட்டில் இருப்பவர்களைத் தனியாகக் கேட்டார்கள்: முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார்?

எனக்கு உறுத்தியது அந்த 8. கண்டிப்பான அளவுகோலின்படி, மறதி மட்டும் இருந்தால் போதாது. அதனால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அதை வீட்டுக்காரர்கள் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் சொல்வார்களா? ‘தாத்தாவுக்கு ஏதாவது கஷ்டமா?’ என்று கேட்டால், ‘அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, வயசாயிடுச்சு, அவ்வளவுதான்’ என்பார்கள். பொய் சொல்லவில்லை. சாப்பாட்டைப் போட்டுக் கையில் கொடுக்கிறார்கள், வேட்டியை எடுத்து வைக்கிறார்கள், சந்தைக்கு வேறு ஆள் போகிறான். பெரியவர் எதையும் செய்ய வேண்டியதில்லை. செய்ய வேண்டியதில்லாத இடத்தில், செய்ய முடியவில்லை என்பது எப்படித் தெரியும்? 2008-ல் இந்தக் குழு ஏழு நாடுகளில், ஏறக்குறைய 15,000 பேரிடம் எடுத்த கணக்கை லான்செட் இதழில் வெளியிட்டபோதும் இதே கதைதான். கண்டிப்பான அளவுகோலில் எல்லாவற்றிலும் குறைவாக வந்த இடம் இந்தியக் கிராமம். நோய் குறைவு என்பது காரணமல்ல, நம் வழக்கத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் விளக்கம் சொன்னார்கள்.

நான் 32 வருடம் கிராமங்களில் வேலை பார்த்தவள். கணியம்பாடி இல்லை, வேறு ஒன்றியம். அங்கே ஒரு பாட்டி தினமும் ஆடு ஓட்டிக்கொண்டு போவார். ஒருநாள் எதிரில் பார்த்தபோது என் பெயரைக் கேட்டார். நூறு தடவை என்னைப் பார்த்தவர். பேசி முடிப்பதற்குள் மறுபடியும் கேட்டார். மருமகளிடம் சொன்னேன். ‘நல்லாத்தான் இருக்காங்க. காலைல போறாங்க, சாயந்திரம் கரெக்டா வந்துடறாங்க’ என்றாள். பிறகு ஒருநாள் சாயந்திரம் நின்று பார்த்தேன். பாட்டி ஆடுகளை ஓட்டி வரவில்லை. ஆடுகள் வீட்டுக்கு வந்தன, பாட்டி பின்னால் வந்தார். நான் என் நோட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? பிரஷர் எவ்வளவு என்று எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை. ஞாபகம் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுத என் நோட்டில் கட்டமே இல்லை.

இப்போது நம் குடியிருப்புக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். தபால் துறையில் இருந்தவர். இரண்டு வருடம் நம் சங்கத்துக்குப் பொருளாளராக இருந்தார். போன வருடத்துக்கு முந்தைய வருடம், கண் சரியாகத் தெரியவில்லை என்று கடிதம் கொடுத்து விலகினார். அவருக்குக் கண்ணில் ஒன்றும் இல்லை. கடிதத்தை எழுதியது நான். அவருக்கு வந்திருப்பது அல்சைமர், ஆரம்ப நிலை. சென்ற ஆண்டுதான் மருத்துவர் உறுதி செய்தார்.

இதை இங்கே பேசலாமா என்று அவரிடம் மூன்று தடவை, மூன்று வெவ்வேறு நாளில் கேட்டேன். மூன்று தடவையும் ‘சொல்லு’ என்றார். இதோ அந்த மூன்றாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த வருடம் மெயின்டனன்ஸ் கணக்கில் 4,800 ரூபாய் இடித்தது. ஒரே ரசீதை இரண்டு தடவை எழுதியிருந்தார். வாங்கிய பணத்தை எழுதாமல் விட்டிருந்தார். நான் என் பென்ஷனிலிருந்து போட்டுச் சரிக்கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. நம் மாடி மூன்று, அவர் நான்காவது மாடிக்குப் போய் அந்த வீட்டுப் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருப்பார். நான் போய்ச் சிரித்துக்கொண்டே கூட்டி வருவேன். ‘ஏதோ யோசனைல இருந்துட்டார்’ என்பேன். ஒன்றரை வருடம் இப்படியே ஓட்டினேன். கணக்கைப் பார்த்து யாருக்காவது வேறு சந்தேகம் வந்திருந்தால், அந்தத் தப்பு என்னுடையது. அவருடையது இல்லை.

ஆட்டுக்காரப் பாட்டியின் மருமகள் செய்ததைத்தான் நானும் செய்தேன். அவள் படிக்காதவள். நான் செவிலியர். கணியம்பாடிக் கணக்கெடுப்புக்காரர்கள் அந்த ஒன்றரை வருடத்தில் என் வீட்டுக்கு வந்து கேட்டிருந்தால் நானும் ‘ஒண்ணுமில்ல, வயசாயிடுச்சு’ என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் அந்த 8-ல் வந்திருக்க மாட்டார். 106-ல் இருந்திருப்பார்.

சரி, நாடு முழுக்க எவ்வளவு? 2018 முதல் 2020 வரை இந்தியா முழுவதும் 60 வயது கடந்த நாலாயிரத்துச் சொச்சம் பேரை நேரில் பரிசோதித்து, அதை வைத்துக் கணக்கிட்டு 2023-ல் வெளியிட்டார்கள். 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா. சுமார் 88 லட்சம் பேர். பெண்களில் 9 சதவீதம், ஆண்களில் 5.8. கிராமத்தில் 8.4, நகரத்தில் 5.3. படிப்பு வாய்ப்பு இல்லாதவர்களிடம் கூடுதல். நம் தலைமுறைப் பெண்களில் எத்தனை பேரைப் பாதியில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2036-ல் இந்த 88 லட்சம் ஒரு கோடியே 69 லட்சம் ஆகும் என்பது அவர்கள் மதிப்பீடு.

நம் சங்கப் பதிவேட்டில் 60 வயது கடந்தவர்கள் 112 பேர். நகரக் கணக்கில் பெருக்கினால் ஆறு பேர், நாட்டுக் கணக்கில் பெருக்கினால் எட்டுப் பேர். நாட்டுச் சராசரியை ஒரு குடியிருப்புக்கு அப்படியே பொருத்தக் கூடாது, தெரியும். வயது, படிப்பு எல்லாம் சேர்ந்து கூடலாம், குறையலாம். ஆனால் ஒருவர்கூட இல்லை என்று நினைப்பது சரியாக இருக்காது. எனக்கு ஒருவரைத் தெரியும். மற்றவர்கள் எங்கே? அவர்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் நான்காவது மாடிக்குப் போய்க் கூட்டி வந்துகொண்டிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

கிராமத்தில் நோய் மறைந்திருந்தாலும் பெரியவரைத் தாங்க வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது, ஆடு இருக்கிறது. ஃப்ளாட்டில் அது இல்லை. லிஃப்ட் பட்டன், கேஸ் அடுப்பு, பேங்கிலிருந்து வரும் ஓ.டி.பி., ஒரே மாதிரி இருக்கும் ஐந்து மாடிக் கதவுகள், எல்லாவற்றையும் நினைவு வைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் பெங்களூரில், அமெரிக்காவில். இங்கே மறைத்தால் ஆபத்து சீக்கிரம் வரும்.

எல்லா மறதியும் நோய் இல்லை. மளிகைச் சீட்டில் ஒரு சாமான் விட்டுப்போவது, பழைய சினேகிதர் பெயர் நாக்கு நுனியில் நிற்பது எல்லாம் எனக்கும் உண்டு. நாற்பது வருடம் ரசம் வைத்தவர் அடுத்து என்ன போடுவது என்று அடுப்பு முன்னால் திகைத்து நின்றால் கவனியுங்கள். மற்றவரோடு ஒப்பிடாதீர்கள், அவரையே அவருடைய பழைய நாளோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையும் உண்டு. ஞாபகம் குறைந்திருக்கும், ஆனால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார். அந்த நிலையில் இருக்கும் எல்லோருக்கும் டிமென்ஷியா வந்துவிடாது. சிலர் அப்படியே இருப்பார்கள், சிலர் தேறுவதும் உண்டு. ஆனால் அவ்வப்போது மருத்துவரிடம் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

காட்டி என்ன பயன், குணமாகாத நோய்தானே என்று கேட்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் தள்ளிப்போட்டேன். மூன்று பயன் சொல்கிறேன்.

முதலாவது, மறதிக்குச் சரிசெய்யக் கூடிய காரணங்கள் இருக்கலாம். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டுவது. ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் இவற்றில் சில தெரிந்துவிடும். இன்னொன்று: நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால், அது மறதி நோய் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் உப்பு குறைவது, பக்கவாதம், மாத்திரைக் கோளாறு, எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, அல்சைமர் என்றே தெரிந்தாலும், சிலருக்குக் கொஞ்ச காலம் தெளிவைத் தரும் மாத்திரைகள் உண்டு. நோயை நிறுத்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தெளிவு இருக்கும்போதே அவர் தன் வாயால் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. வங்கிக் கணக்கு, உயில், பின்னால் யார் பார்த்துக்கொள்ள வேண்டும், எந்த மாதிரி வைத்தியம் வேண்டாம். நான் மறைத்த ஒன்றரை வருடம் அவருடைய நல்ல ஒன்றரை வருடம். அதை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

இன்னும் வராதவர்களுக்கும் ஒரு வார்த்தை. லான்செட் ஆணையம் 2024-ல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றை எல்லாம் சரிசெய்தால், உலகில் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது கணக்கு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, குடி, உடம்பை அசைக்காமல் இருப்பது, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை எல்லாம் அதில் வருகின்றன. காது மெஷின் போட்டுக்கொள்ள வெட்கப்படுபவர்கள் நம்மில் நாலைந்து பேராவது இருக்கிறார்கள். கண்ணாடி போடுவதற்கு வெட்கப்பட்டீர்களா? நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்களே, பிரஷர் மாத்திரையைச் சாப்பிடும்போது அது இதயத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மூளைக்கும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறீர்கள்.

கடைசியாக, சங்கத்திடம் நான்கு வேண்டுகோள்.

ஒன்று. மாடிகளுக்கு வெவ்வேறு வண்ணம் அடிக்க வேண்டும். லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படும் இடத்தில் மாடி எண்ணைப் பெரிதாக எழுத வேண்டும். இந்த வருடம் எப்படியும் பெயின்ட் அடிக்கப் போகிறோம். கூடுதல் செலவு அதிகம் ஆகாது.

இரண்டு. விருப்பப்படுபவர்கள் மட்டும் பெயர் கொடுக்கும் ஒரு பதிவேடு. வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும், என்ன மாத்திரை, எந்த மருத்துவர் என்ற விவரம். சங்க அலுவலகத்தில் பூட்டி வைக்க வேண்டும், வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. முதல் பெயர் எங்கள் வீட்டுப் பெயர்.

மூன்று. வாட்ச்மேன்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி. நான் நடத்துகிறேன். பெரியவர் ஒருவர் நேரம் கெட்ட நேரத்தில் வெளியே கிளம்பினால் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, ‘எங்க போறீங்க, உள்ள போங்க’ என்று அதட்டவும் கூடாது. ‘வணக்கம் சார், நானும் கடை வரைக்கும் வரேன்’ என்று கூட நாலடி நடந்து, வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். எதிர்த்து நின்றால் அவருக்குப் பயம் வரும், பயம் கோபமாகும்.

நான்கு. இது சங்கத்துக்கு இல்லை, உங்கள் ஒவ்வொருவருக்கும். என் வீட்டுக்காரரைப் பார்த்தால் ‘என்னைத் தெரியுதா, நான் யாரு சொல்லுங்க பாப்போம்’ என்று கேட்காதீர்கள். பாசத்தில்தான் கேட்கிறீர்கள், ஆனால் அவருக்கு அது பரீட்சை. ஒவ்வொரு தடவையும் எல்லோர் முன்னாலும் ஃபெயில் ஆகிறார். ‘வணக்கம் சார், நான் ஏ பிளாக் இன்னார் வந்திருக்கேன்’ என்று உங்கள் பெயரை முதலில் நீங்களே சொல்லுங்கள். அப்புறம் பேச்சு தானாக வரும். இன்றும் வேலூர் மாவட்டத்தில் எந்த ஊருக்கு என்ன பின்கோடு என்று கேட்டுப் பாருங்கள், சொல்வார். அதைக் கேட்டால் பரீட்சை இல்லை, அவருக்குச் சந்தோஷம்.

யாரிடமும் சொல்ல முடியாமல் வீட்டில் சமாளித்துக்கொண்டிருப்பவர்கள் என்னிடம் தனியாக வாருங்கள். என்னிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தால், முதியோருக்கான உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் அரசு நடத்தும் இலவச எண்கள். பார்த்துக்கொள்பவருக்கும் உடம்பு இருக்கிறது, மனது இருக்கிறது. வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு உட்கார்ந்து பேப்பர் படித்தால், அந்த வீட்டம்மா நிம்மதியாகக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் வருவாள். அதுவே பெரிய உதவி.

பதிவேட்டுக்கான படிவம் பையில் வைத்திருக்கிறேன். திரும்பிப் போகும்போது பஸ்ஸில் தருகிறேன். யாரும் இப்போதே முடிவு செய்ய வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். பெரியவரிடமே பேசுங்கள், அவரை விட்டுவிட்டு நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

பிள்ளைகள் வருகிறார்கள். அருவியைப் பார்க்கப் போகலாம் என்று காலையிலிருந்து என் வீட்டுக்காரர் நாலு தடவை சொல்லிவிட்டார். நானும் நாலு தடவையும் ‘போகலாங்க’ என்றேன். யாராவது கூட வருகிறீர்களா?